கண் இமைக்கும் முன்: ஃபெம்டோசெகண்ட் லேசரிடமிருந்து விழித்திரையைக் காக்கும் முழுமையான வழிகாட்டி

பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்த எவருக்கும் மாத்திரை என்றால் என்னவென்று தெரியும். கண் ஒருமுறை இமைக்கும் நேரமோ கை ஒருமுறை நொடிக்கும் நேரமோ ஒரு மாத்திரை. லேசர் பாதுகாப்பு விதிகளை வகுத்தவர்களும் இமைப்பை ஓர் அளவாகவே எடுத்துக்கொண்டார்கள். கூசும் ஒளி பட்டதும் மனிதர் இமையை மூடித் தலையைத் திருப்ப 0.25 விநாடி ஆகும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு மில்லிவாட் அளவுள்ள சிவப்பு லேசர் சுட்டியை வகுப்பறையில் பயன்படுத்த அனுமதிப்பது இந்த இமைப்பை நம்பித்தான்.

ஃபெம்டோசெகண்ட் (விநாடியின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) கணக்கில் நீளும் ஒளித் துடிப்புகளைத் தரும் லேசரில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. விநாடிக்கு 1,000 துடிப்புகளை வெளியிடும் ஓர் ஆம்ப்ளிஃபையர் (துடிப்புகளின் ஆற்றலைப் பெருக்கித் தரும் லேசர்), நாம் ஒருமுறை இமைப்பதற்குள் 250 துடிப்புகளை அனுப்பிவிடும். விநாடிக்கு 8 கோடி துடிப்புகள் தரும் ஆசிலேட்டராக (துடிப்புகளை முதலில் உண்டாக்கும் லேசர்) இருந்தால் அதே இமைப்புக்குள் 2 கோடி துடிப்புகள் வந்துவிடும். ஆம்ப்ளிஃபையரைப் பொறுத்தவரை முதல் துடிப்பு ஒன்றே விழித்திரையில் ஆறாத புண்ணை உண்டாக்கப் போதும். எனவே இங்கே எந்தப் பாதுகாப்பும் ஒளி புறப்படுவதற்கு முன்பே செய்து முடிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் இந்த ஒரே காரணத்திலிருந்து பிறப்பதுதான்.

காட்பாடியிலும் வேலூரிலும் இயற்பியல், பொருளறிவியல் ஆய்வுக்குப் புதிதாக வரும் மாணவர்களையும், ராணிப்பேட்டைப் பக்கம் நுண் துளையிடல், குறியிடல் வேலைகளுக்காகப் பிகோசெகண்ட் (ஆயிரம் ஃபெம்டோசெகண்ட்) இயந்திரங்களில் கைவைக்கும் தொழில்நுட்பர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இவர்களில் பலர் ஏற்கெனவே வேறு லேசர்களோடு பழகியவர்கள். அந்தப் பழக்கமே இங்கே ஆபத்தாக முடியக்கூடும் என்பதால்தான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல நினைக்கிறேன்.

படிகளுக்கு முன்: கண்ணுக்குள் நடப்பது என்ன

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள ஒரு தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. அத்தனை அகலமான ஆடியில் விழும் மங்கலான விண்மீன் ஒளியை ஒரு சிறு புள்ளியில் குவிப்பதால்தான் அந்த விண்மீன் பதிவாகிறது. நம் கண்ணும் அதே வேலையைச் செய்கிறது. கண்ணின் நடுவிலுள்ள கறுப்புத் துளையான பாப்பா இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும். அதன் வழியே நுழையும் இணையான லேசர் கற்றையைக் கருவிழியும் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலம்) விழிலென்சும் சேர்ந்து விழித்திரையில் ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர் அளவுள்ள புள்ளியாகக் குவிக்கின்றன. பரப்பளவுக் கணக்கில் இது லட்சம் மடங்குக்கும் மேற்பட்ட செறிவு. கையில் பட்டால் உணரக்கூட முடியாத ஒளி, கண்ணில் பட்டால் புண்ணாவதற்குக் காரணம் இதுதான்.

எல்லா ஒளியும் விழித்திரை வரை போவதில்லை. 400 முதல் 1,400 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்கள்தான் கண்ணைக் கடந்து உள்ளே குவிகின்றன. அதற்குக் குறைவான புறஊதா ஒளி பெரும்பாலும் கருவிழியிலும் லென்சிலும் தங்கிவிடும். 1,400க்கு மேற்பட்ட அகச்சிவப்பைக் கருவிழியே பெருமளவு உறிஞ்சிக்கொள்ளும். அங்கும் காயம் உண்டு, ஆனால் அது வேறு வகைக் காயம். நம் ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் டைட்டானியம்-சஃபையர் லேசர் 800 நானோமீட்டரிலும், இட்டர்பியம் லேசர் 1,030 நானோமீட்டரிலும் இயங்குபவை. இரண்டுமே விழித்திரை வரை தடையில்லாமல் போகும் எல்லைக்குள் இருக்கின்றன. 1,030 கண்ணுக்குத் தெரியவே தெரியாது. 800 மிக மங்கிய சிவப்பாகத் தெரியும். அந்த மங்கல்தான் பலரை ஏமாற்றுகிறது. மங்கலாகத் தெரிவது ஒளி குறைவாக இருப்பதால் ஏற்படுவதன்று, அந்த நிறத்தை உணரும் திறன் நம் கண்ணுக்கு மிகக் குறைவாக இருப்பதால் ஏற்படுவது.

துடிப்பு குறுகியதாக இருப்பதால் காயம் உண்டாகும் விதமும் மாறுகிறது. 100 ஃபெம்டோசெகண்டில் ஒளி கடக்கும் தூரம் 30 மைக்ரோமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்த நேரத்துக்குள் வெப்பம் பக்கத்துத் திசுக்களுக்குப் பரவ வழியில்லை. விழித்திரைக்கு அடியில் உள்ள நிறமி அடுக்கில் மெலனின் மணிகள் ஒளியை உறிஞ்சி, தம்மைச் சுற்றியுள்ள நீரைத் திடீரென ஆவியாக்கும்போது நுண்குமிழிகள் வெடித்து விரிந்து செல்களைக் கிழிக்கின்றன. ஆற்றல் இன்னும் கூடினால் ஒளியின் உச்சத் திறனே கண்ணுக்குள் இருக்கும் கூழ்மத்தில் கற்றையை மேலும் குவியச் செய்து, பிளாஸ்மாவையும் அதிர்வலையையும் உண்டாக்கும். இரத்தக் குழாய் கிழிந்தால் கண்ணுக்குள்ளேயே இரத்தம் கசியும். விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லாததால் இத்தனையும் நடக்கும்போது வலிக்காது. இறந்துபோன ஒளியுணர் செல்கள் மறுபடி வளர்வதும் இல்லை.

இந்த இடத்தில் மாணவர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: பார்வைக் குறையைச் சரிசெய்யும் கத்தியில்லாத லாசிக் அறுவைக்கு ஃபெம்டோசெகண்ட் லேசரைத்தானே கண்ணிலேயே செலுத்துகிறார்கள்? நியாயமான கேள்விதான். டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார்ட் மூரூவும் 1985இல் கண்டறிந்த, இத்தகைய குறுந்துடிப்புகளின் ஆற்றலைப் பெருக்கும் முறைக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே மூரூவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் 1990களின் தொடக்கத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவரின் கண்ணில் தற்செயலாகக் கற்றை பட்டது. அவரைப் பரிசோதித்த இளம் மருத்துவர் ரான் கர்ட்ஸ், காயம் வழக்கத்துக்கு மாறாக மிகத் துல்லியமாக இருப்பதைக் கண்டு வியந்தார். அந்த வியப்பிலிருந்துதான் அறுவை முறை பிறந்தது. அறுவையில் ஒளி அகன்ற கூம்பாக வந்து கருவிழிக்குள்ளேயே குவிந்து, அதைக் கடந்தவுடன் விரிந்து சிதறிவிடுகிறது. ஆகவே விழித்திரையை அடையும்போது அதன் செறிவு மிகவும் குறைந்திருக்கும். ஆய்வக மேசையில் ஓடும் கற்றையோ இணையாக வருகிறது. அதைக் குவிப்பது நம் கண்தான், குவியும் இடம் விழித்திரைதான்.

படி 1: உங்கள் லேசரின் ஜாதகத்தை எழுதி ஒட்டுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் அலைநீளம், துடிப்பின் நீளம், விநாடிக்கு எத்தனை துடிப்பு, ஒரு துடிப்பின் ஆற்றல், சராசரித் திறன், கற்றையின் விட்டம் ஆகியவற்றை எழுதி லேசர் பெட்டியின் மேல் ஒட்டுங்கள். பவர் மீட்டர் காட்டும் வாட் எண்ணை மட்டும் எழுதி நிறுத்திவிடுவது மிகப் பெரிய தவறு. சராசரித் திறனை விநாடிக்கான துடிப்பு எண்ணிக்கையால் வகுத்தால்தான் ஒரு துடிப்பின் ஆற்றல் கிடைக்கும்.

இரண்டு லேசர்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் பவர் மீட்டர் 1 வாட் காட்டுகிறது. ஆசிலேட்டரில் அதை 8 கோடியால் வகுத்தால் துடிப்புக்கு 12.5 நானோஜூல். ஆம்ப்ளிஃபையரில் 1,000ஆல் வகுத்தால் துடிப்புக்கு 1 மில்லிஜூல், அதாவது 80,000 மடங்கு. ஒரு மில்லிஜூல் என்பது நான்கைந்து அரிசி மணிகளை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான ஆற்றல்தான். ஆனால் அதை 100 ஃபெம்டோசெகண்டுக்குள் அடைத்தால் உச்சத் திறன் 1,000 கோடி வாட் ஆகிவிடும்.

தாளில் இன்னொரு வரியும் வேண்டும்: கற்றை மேசையில் எங்கெல்லாம் நிறம் மாறுகிறது? அலைநீளத்தைப் பாதியாக்கும் பிபிஓ படிகத்தைக் கடந்ததும் 800 நானோமீட்டரோடு 400உம் சேர்ந்து வரும். அதிர்வெண்ணை மூன்று மடங்காக்கினால் 266. சஃபையர் தகட்டில் குவித்தால் வெண்ணொளி முழுவதும் கிளம்பும். இவை ஒவ்வொன்றும் கண்ணாடித் தேர்வை மாற்றும்.

படி 2: எவ்வளவு ஒளி வரை பொறுக்கலாம் என்று கணக்கிடுங்கள்

ஐஇசி 60825-1 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பின்படி, 100 ஃபெம்டோசெகண்ட் முதல் 10 பிகோசெகண்ட் வரையுள்ள ஒற்றைத் துடிப்புக்கு, 800 நானோமீட்டரில், கண்ணின் முன்பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.16 மைக்ரோஜூல்தான் உச்ச வரம்பு. 7 மில்லிமீட்டர் பாப்பாவின் பரப்பால் பெருக்கினால் மொத்தம் 60 நானோஜூல் வருகிறது. இந்த 60 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இப்போது 1 மில்லிஜூல் கற்றையின் வழியில் வெறும் கண்ணாடித் தகடு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு பக்கம் மட்டும் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும்: 40 மைக்ரோஜூல், வரம்பைப் போல 650 மடங்குக்கும் மேல். விலையுயர்ந்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு போட்ட லென்ஸ் 0.2 விழுக்காட்டைத்தான் திருப்பும் என்றாலும் அது 2 மைக்ரோஜூல், அதாவது 30 மடங்கு. உயர் எதிரொளிப்பு ஆடியின் பின்பக்கம் வழியாக ஆயிரத்தில் ஒரு பங்கு கசிந்தாலும் 16 மடங்கு. மேசையில் கழிவு என்று நாம் அலட்சியப்படுத்தும் ஒவ்வொரு ஒளிக்கீற்றும் ஒரு கண்ணைப் பறிக்கும் அளவுக்கு வலிமையுள்ளது என்பதை இந்தக் கணக்கைவிடத் தெளிவாக வேறு எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

சொரசொரப்பான பரப்பில் பட்டுச் சிதறும் ஒளியும் பாதுகாப்பானதன்று. அதே கற்றை ஒரு வெள்ளைக் காகிதத்தில் சிறு புள்ளியாக விழும்போது, சிதறிய ஒளி வரம்புக்குள் இறங்க ஏறத்தாழ 45 சென்டிமீட்டர், ஒன்றரை அடி, விலகியிருக்க வேண்டும். கற்றை எங்கே விழுகிறது என்று பார்க்க விசிட்டிங் கார்டைப் பிடித்துக்கொண்டு குனியும் மாணவரின் முகம் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று ஒருமுறை அளந்து பாருங்கள். நான் அளந்திருக்கிறேன், ஓர் அடிகூட இருப்பதில்லை.

படி 3: பாதுகாப்புக் கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள்

ஓடி எண், அதாவது ஒளித்தடுப்பு எண், பத்தின் அடுக்காகச் செல்வது. ஓடி 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கும், ஓடி 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கும் ஒளி உள்ளே வரும்.

மேலே சொன்ன ஆம்ப்ளிஃபையருக்கே கணக்கிடுவோம். சராசரித் திறனை வைத்துப் பார்த்தால், 800 நானோமீட்டரில் தொடர்ந்து படும் ஒளிக்கான வரம்பு ஏறத்தாழ 0.6 மில்லிவாட். 1 வாட்டை அதற்குள் கொண்டுவர ஓடி 3.2 போதும். ஆகவே ஓடி 4 வாங்கிவிட்டால் தாராளம் என்று தோன்றும். ஆனால் ஒற்றைத் துடிப்பை வைத்துப் பார்த்தால், ஓடி 4 கண்ணாடி வழியே 1 மில்லிஜூலில் 100 நானோஜூல் உள்ளே வந்துவிடும். வரம்பு 60. சரியான கணக்கு 4.2 என்று வருகிறது. எனவே 5க்குக் குறையாமல் வாங்க வேண்டும். ஆசிலேட்டருக்கு நிலைமை நேர்மாறானது. அங்கே ஒரு துடிப்பு 12.5 நானோஜூல்தான் என்பதால் சராசரித் திறனே வரம்பை முடிவு செய்யும். இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்து, எது கடுமையோ அதையே கொள்ளுங்கள்.

எண் மட்டும் சரியாக இருந்தால் போதாது. ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 207இன்படி தயாரான கண்ணாடிகளில் டி, ஐ, ஆர், எம் என்ற எழுத்துகளில் சிலவோ அனைத்துமோ பொறிக்கப்பட்டிருக்கும். டி தொடர் ஒளிக்கு, ஐ நீண்ட துடிப்புக்கு, ஆர் நானோசெகண்ட் துடிப்புக்கு, எம் ஒரு நானோசெகண்டுக்கும் குறுகிய துடிப்புக்கு. நமக்கு எம் கட்டாயம் வேண்டும், ஏனெனில் சில சாய வடிகட்டிகள் சாதாரண ஒளியை நன்றாகத் தடுத்தாலும், அதிகுறுந்துடிப்பின் உச்சத் திறன் பட்ட கணத்தில் சாயம் மேலும் ஒளியை உறிஞ்ச முடியாதபடி நிறைந்துபோய், எழுதியிருப்பதைவிட அதிக ஒளியை உள்ளே விட்டுவிடும். ஆனால் எம் மட்டும் இருந்தாலும் போதாது. ஆசிலேட்டர் துடிப்பு நிலையை இழந்தால் அது தொடர் ஒளியைத் தரும். ஆசிலேட்டரிலிருந்து வர வேண்டிய விதைத் துடிப்பு கிடைக்காத ஆம்ப்ளிஃபையர் நானோசெகண்ட் துடிப்புகளை உமிழும். ஆகவே டி, ஆர், எம் மூன்றும் பொறித்ததையே கேட்டு வாங்குங்கள்.

துடிப்பு குறுகினால் நிறப்பட்டை விரியும் என்பதையும் மறக்கக்கூடாது. 800 நானோமீட்டரில் 100 ஃபெம்டோசெகண்ட் துடிப்பின் பட்டை அகலம் ஏறத்தாழ 10 நானோமீட்டர். 10 ஃபெம்டோசெகண்ட் என்றால் ஏறத்தாழ 95. கண்ணாடி 800இல் மட்டும் தடுத்து 740இல் திறந்திருந்தால் பயனில்லை. 400 நானோமீட்டரும் மேசையில் ஓடுகிறதென்றால், இரண்டையும் தடுக்கும் கண்ணாடி வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பகுதியை முழுமையாக மூடிவிட வேண்டும்.

கடைசியாக, போட்டுப் பாருங்கள். இது சிறிய விஷயமன்று. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கத்திரி நாட்களில் மின்சாரம் போய் ஏசி நின்ற பத்தாவது நிமிடத்தில் காகிள்சின் உட்புறம் ஆவி படியும், மூக்குத்தண்டில் வேர்வை வழிந்து சட்டம் சறுக்கும். காற்றோட்டத் துளையுள்ள சட்டமும், தலைக்குப் பின்னால் இறுக்கும் பட்டையும், பவர் கண்ணாடி அணிந்தவர்களுக்கு அதன் மேலேயே பொருந்தும் அளவும் இல்லையென்றால் எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் அது நெற்றியில்தான் இருக்கும்.

இதை அனுபவித்தே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், ஒரு மே மாதப் பிற்பகலில், அறையின் ஏசி பழுதாகியிருந்தது, லேசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுக்குள் வேர்வை இறங்க, காகிள்சை நெற்றிக்கு ஏற்றிக் கைக்குட்டையால் துடைத்தேன். இடது கையில் பிடித்திருந்த திருகு முடுக்கும் ஆலன் கீயின் பளபளப்பான தண்டு, என்னை அறியாமலேயே கற்றையின் ஓரத்தைத் தொட்டது. ஒரு சிவப்புப் பளிச்சிடல், அவ்வளவுதான். கண் மருத்துவமனையில் பாப்பாவை விரித்துப் பார்த்துப் பாதிப்பு இல்லை என்றார்கள். ஆனாலும் அடுத்த பல நாட்கள் காலையில் எழுந்ததும் ஒரு கண்ணை மூடிச் சுவரின் மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கற்றையை மறைக்கும் ஷட்டரை மூட எனக்கு 2 விநாடிதான் ஆகியிருக்கும்.

படி 4: மேசையையும் அறையையும் தயார் செய்யுங்கள்

கற்றை ஓடும் உயரம், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு வெகுவாகக் கீழே இருக்க வேண்டும். லேசர் ஓடும்போது மேசை அருகே நாற்காலியே வேண்டாம் என்பது என் கருத்து. மேசையின் நான்கு ஓரங்களிலும் கற்றையைவிட உயரமான கறுப்புப் பூச்சுத் தடுப்புகளை நிறுத்துங்கள். போலரைசரும் (ஒளியை அதன் அதிர்வுத் திசைப்படி பிரிக்கும் உறுப்பு) பெரிஸ்கோப்பும் (கற்றையின் உயரத்தை மாற்றும் ஆடி இணை) இருக்கும் இடங்களில் தனிக் கவனம் தேவை. இவற்றிலிருந்து ஒளி மேல்நோக்கிக் கிளம்பக்கூடும், ஓரத் தடுப்பு அதை நிறுத்தாது, மேலிருந்து மூட வேண்டும்.

அறை விளக்குகளை எரியவிடுங்கள். இருட்டினால் பாப்பா விரிந்து, உள்ளே போகும் ஒளியும் கூடும். மின்சாரம் போய் வந்தால் ஷட்டர் தானாகத் திறக்கக்கூடாது. சாவியைத் திருப்பி மனிதர் மறுபடி தொடங்கினால்தான் ஒளி வரவேண்டும் என்ற வகையில் இன்டர்லாக்கை (ஒளியைத் தானாக நிறுத்தும் பாதுகாப்புப் பூட்டு) அமைக்கச் சொல்லுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு குளிரூட்டியின் வெப்பநிலை மாறியிருக்கும், கற்றை நேற்று இருந்த இடத்திலேயே இருக்கும் என்று எண்ணக்கூடாது.

படி 5: அலைன்மென்ட்

லேசர் கண் விபத்துகளில் பெரும்பாலானவை கற்றையை நேர்செய்யும்போதுதான் நடக்கின்றன. அவற்றில் பலவற்றில் சரியான கண்ணாடி அறையிலேயே இருந்தும், முகத்தில் இருந்ததில்லை. காரணம் சோம்பேறித்தனம் மட்டுமன்று. 800 நானோமீட்டரைத் தடுக்கும் கண்ணாடியைப் போட்டால் அந்த மங்கிய சிவப்புப் புள்ளி தெரியாது, தெரியாததை நேர்செய்ய முடியாது, ஆகவே கழற்றுகிறார்கள். இதற்கு அறிவுரை சொல்வதைவிடப் புள்ளியைக் காட்டும் வேறு வழியைக் கொடுப்பதுதான் தீர்வு. அகச்சிவப்பு பட்டால் கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் ஒளிரும் ஐஆர் கார்டு, அகச்சிவப்பைக் கண்ணுக்குக் காட்டும் கருவியான ஐஆர் வியூவர், சிறு கேமராவும் திரையும்: இவை மூன்றும் மேசை அருகே எப்போதும் இருக்க வேண்டும். கார்டு பிளாஸ்டிக் உறையோடு வந்திருந்தால் அந்த உறையே 4 விழுக்காட்டைத் திருப்பும். ஆகவே கார்டைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள்.

தொடங்கும் முன் மோதிரம், கைக்கடிகாரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். கழுத்துச் சங்கிலியை உடைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை நான் எல்லாவற்றிலும் ஆபத்தானதாகக் கருதுகிறேன். மேசைமேல் குனிந்ததும் அது முன்னால் ஊசலாடும், அதன் வழவழப்பான பிளாஸ்டிக் பரப்பு எந்தக் கோணத்தில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.

முடிந்த இடங்களிலெல்லாம் முதலில் ஒரு மில்லிவாட் அளவுள்ள, கண்ணுக்குத் தெரியும் சிறு லேசரை அதே பாதையில் செலுத்திப் பாதையை அமையுங்கள். பிறகு உண்மையான கற்றையைக் குறைந்த ஆற்றலில் கொண்டுவாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆற்றலைக் குறைக்கிறேன் என்று துடிப்பு எண்ணிக்கையை 1,000இலிருந்து 10ஆகக் குறைப்பவர்கள் உண்டு. பவர் மீட்டர் முள் இறங்கும், மனம் நிம்மதியாகும். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் அதே 1 மில்லிஜூல் அப்படியே இருக்கும், கண்ணைப் பறிக்க ஒன்றே போதும். குறைக்க வேண்டியது துடிப்பின் ஆற்றலை. ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பும் அரை அலைத் தகட்டையும் போலரைசரையும் சேர்த்துப் பயன்படுத்தி அதைக் குறைக்கலாம். போலரைசர் தள்ளிவிடும் ஒளியை ஒரு தடுப்பில் முடித்துவைக்க மறக்காதீர்கள்.

ஒவ்வொரு ஆடியாக, ஒவ்வொரு லென்சாக முன்னேறுங்கள். அடுத்த உறுப்பை வைக்கும் முன் ஷட்டரை மூடுங்கள், அதற்குப் பின்னால் தடுப்பு வைத்த பிறகுதான் திறவுங்கள். ஒவ்வொரு உறுப்பையும் வைத்தபின் வியூவரால் அதைச் சுற்றி முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், மேலும் பார்த்து, தப்பி ஓடும் கீற்றுகளைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றையும் அடைத்துவிடுங்கள். எந்த இடத்தில் எந்தக் கீற்று இருந்தது என்று நோட்டில் படமாக வரைந்துகொள்ளுங்கள். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை, அரை நாள்கூட ஆகும். நான் பழக்கிய மாணவர்களில் நல்ல ஆய்வாளராக வந்தவர்கள் எல்லாரும் இந்த நோட்டை ஒழுங்காக வைத்திருந்தவர்களே.

கீழே ஏதாவது விழுந்தால் உடனே குனியாதீர்கள். முதலில் ஷட்டர், பிறகு குனிதல். மேசையின் மட்டத்துக்கு முகத்தைக் கொண்டுபோய்க் கற்றை நேராக ஓடுகிறதா என்று பார்ப்பது, ஷட்டர் மூடியிருந்தாலும் பழகக்கூடாத பழக்கம். தனியாக அலைன்மென்ட் செய்யாதீர்கள், அதேபோல் ஐந்து பேர் சூழ நின்றும் செய்யாதீர்கள். இருவர் போதும், ஷட்டரை ஒருவர் மட்டுமே கையாள வேண்டும், திறக்கும் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

படி 6: அறைக்குள் வரும் மற்றவர்கள்

காலையில் தரை துடைக்க வரும் அம்மா, ஏசி மெக்கானிக், கூரியர் கொண்டுவரும் தம்பி: இவர்கள் யாரும் லேசர் பயிற்சி எடுத்தவர்கள் அல்லர். கதவிலுள்ள எச்சரிக்கை தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லுங்கள். ஆயுத பூஜை அன்று இயந்திரத்துக்குப் பொட்டு வைத்து, குடும்பத்தோடு வந்து பார்ப்பது நம் ஊர் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. அன்று லேசரின் சாவியைக் கழற்றிப் பூஜைத் தட்டிலேயே வைத்துவிடுங்கள். குழந்தைகளுக்கு ஓட்டிக் காட்ட வேண்டாம்.

படி 7: பட்டுவிட்டது என்று தோன்றினால்

திடீரென ஒரு பளிச்சிடல், பார்வையின் நடுவில் கரும்புள்ளி, நேர்க்கோடு வளைந்து தெரிதல், கண்ணுக்குள் நூலும் புகையும் மிதப்பதுபோல் இருத்தல்: இவற்றில் எது நேர்ந்தாலும் முதலில் ஷட்டரை மூடுங்கள். வலி இல்லை என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணைக் கசக்க வேண்டாம், சொட்டு மருந்து எதுவும் விட வேண்டாம். கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருந்தால் அது கீழே படியும்படி, படுக்காமல் நிமிர்ந்து உட்காருங்கள்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தில் நடுவே ஒரு புள்ளி வைத்து, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, படிக்கும் கண்ணாடி இருந்தால் அதை அணிந்து, ஒரு கண்ணை மூடி மற்றதால் புள்ளியைப் பாருங்கள். கோடுகள் வளைந்தாலோ, ஒரு பகுதி காணாமல் போனாலோ அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு அது உதவும். ஆனால் கட்டங்கள் ஒழுங்காகத் தெரிகின்றன என்பதற்காக மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பார்வை மையத்தை விட்டு விலகிய காயம் இதில் தெரியாமல் போகலாம்.

அன்றே விழித்திரை மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும். வேலூரில் ஆரணி சாலையில் உள்ள சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனையைத் தெரியாதவர் இல்லை. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எங்கே விழித்திரை மருத்துவர் இருப்பார் என்பதை விபத்து நடக்கும் முன்பே தொலைபேசியில் கேட்டு, எண்ணைக் கதவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள், பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டபின் திரும்பி ஓட்டிவரவும் முடியாது. படி 1இல் எழுதிய ஜாதகத் தாளின் நகலைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். வெறுமனே லேசர் பட்டது என்று சொன்னால் மருத்துவர் வகுப்பறைச் சுட்டியையும் நினைக்கலாம், வெல்டிங் பொறியையும் நினைக்கலாம். அலைநீளமும் துடிப்பின் ஆற்றலும் தெரிந்தால் எந்த அடுக்கில் காயத்தைத் தேட வேண்டும் என்பது அவருக்கு உடனே புரியும். விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேனை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வேலையில் சேரும்போதே ஒருமுறை எடுத்து வைத்திருந்தால், பழைய படத்தோடு ஒப்பிட்டு, புதிய காயம் எது, முன்பே இருந்தது எது என்று பிரித்தறியலாம்.

முதல் நாள் பரிசோதனையில் எதுவும் தெரியாவிட்டாலும் மருத்துவர் சொல்லும் நாளில் மறுபடி போங்கள். சில மாற்றங்கள் நாள் கழித்துத்தான் தெளிவாகும். மேசையில் எதையும் நகர்த்தாமல் அப்படியே விட்டு, இன்னொருவர் ஆற்றலை மிகக் குறைத்துக் கேமரா மூலம் அந்தக் கீற்று எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து, நோட்டில் தேதியோடு வரைந்து, அங்கே நிரந்தரத் தடுப்பு ஒன்றைத் திருகி இறுக்கிய பிறகே லேசரை மறுபடி ஓட்ட வேண்டும்.